மரமாக முளைத்த மூதாதையர்

பலென்கே கல்லறை மூடியை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அதைப் படுக்கைவாட்டில் திருப்பிவைத்து, விண்கலம் ஓட்டும் மனிதன் என்று சொன்னவர்கள் உண்டு. நிமிர்த்தியதும் கலம் மறைந்து மரம் எழுகிறது.

மெக்சிகோவின் சியாபாஸ் காட்டுக்குள், பலென்கேயின் கல்வெட்டுக் கோயிலின் அடியில், இடிபாடு அடைத்துக் கிடந்த படிக்கட்டை ஆண்டுக்கணக்கில் தோண்டி, 1952இல் தொல்லியலாளர் ஆல்பர்ட்டோ ரூஸ் கண்டெடுத்த மூடி இது. ஏறக்குறைய 3.8 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம். 12 வயதில் அரியணை ஏறி 683இல் இறந்த மாயா அரசர் பாக்கால் இதன் கீழே கிடந்தார்.

மரத்தின் அடியில், சதையற்ற எலும்புத் தாடைகளுக்கு நடுவே, அரசர் மல்லாந்திருக்கிறார். அவருக்கு மேலே நெட்டுக்கு நிற்கிறது தண்டு. கிளை நுனிகளில் சதுர மூக்குப் பாம்புத் தலைகள். மாயா கண்ணுக்கு அவை பூக்கள். கிளைகளின் மீது இருதலைப் பாம்பொன்று மாலைபோலத் துவள்கிறது. உச்சியில் விண்ணுலகப் பறவை. சுண்ணக்கல்லில் உளி போன தடம் தூரிகை இழுத்த கோடுபோல வளைந்து குழைகிறது. அரசர் பாதாளத்தில் விழுகிறாரா, எழுகிறாரா என்று அறிஞர்கள் வாதாடுவார்கள். எழுகிறார் என்பதே என் கட்சி. இடையில் அவர் அணிந்திருப்பது சோளக் கடவுளின் பச்சைமணி வலை. மடங்கிய முழங்கால்களோ பச்சைக் குழந்தையுடையவை. விதைத்த சோளம் முளைக்காமல் என்ன செய்யும்?

உலகின் நடுவில் ஒரு மரம், நான்கு திசைக்கும் ஒவ்வொன்று என்பது மாயாக்களும் அண்டை மக்களும் வாழ்ந்த நிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான கனவு. மத்திய மெக்சிகோ மரபைச் சேர்ந்த ஃபெயெர்வாரி-மேயர் சுவடியின் முதல் பக்கத்திலேயே நான்கு மரங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. மிக்ஸ்டெக் மக்கள் தங்கள் முன்னோர் மரத்தைப் பிளந்துகொண்டு பிறந்ததாகவே வரைந்தார்கள். கிசே மாயாக்களின் போபோல் வூ கதையில், வெட்டுண்ட தலையை வைத்ததும், அதுவரை காய்க்காத மரம் காய்க்கிறது. அந்தத் தலை கன்னியின் உள்ளங்கையில் உமிழ, அவள் கருவுறுகிறாள். அந்த மரம் நாம் திருவோட்டு மரம் என்று சொல்வதுதான். யுகாத்தான் மாயாக்கள் யாஷ்சே என்று வணங்கும் மரமும் நமக்கு அந்நியமில்லை. நம் மெத்தைக்குப் பஞ்சு தந்த இலவம்பஞ்சு மரம் அதுவே.

ஆனால் என் மனம் தங்குவது மூடியில் அல்ல, அது மூடியிருந்த கல்பெட்டியின் பக்கங்களில். மூடியின் மரத்தில் அண்டம் முழுவதும் ஏறி நிற்கிறது. அதன் பேரழகில் கொஞ்சம் தொலைவு இருக்கிறது. பக்கங்களில் இருப்பதோ கொல்லைத் தோட்டம். தரை பிளந்த இடத்திலிருந்து பத்து உருவங்கள் இடுப்பளவு எழுகின்றன. எல்லாம் பாக்காலின் முன்னோர். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னும் ஒரு பழமரம்: கொய்யா, சப்போட்டா, வெண்ணெய்ப்பழம், கொக்கோ. செத்தவர்களைத் தோப்பாக நினைத்த சிற்பிகள் அவர்கள். அந்தத் தோப்பில் வளர்ந்ததெல்லாம் அன்றாடம் தின்னும் பழம். இறந்த பாட்டன் கனியாகி வீட்டுக்கு வருகிறார் என்பதை இதைவிட எளிமையாகக் கல்லில் சொல்ல முடியுமா?

பத்தில் நான்கு உருவங்கள் பெற்றோருடையவை. தாய் சாக் குக் கொக்கோ மரத்தோடும், தந்தை கான் மோ ஹிஷ் மஞ்சள் கனி காய்க்கும் நான்சே மரத்தோடும் முளைக்கிறார்கள். மற்ற முன்னோர் இரு பக்கமும் நிற்க, இவர்கள் இருவரை மட்டும் மகனின் தலைமாட்டில் ஒருமுறையும் கால்மாட்டில் ஒருமுறையும் செதுக்கியிருக்கிறார்கள்.