வண்ண ஒளியும் கரிய மேனியும்: உறுமி இசைஞரின் விளம்பரப் படம் குறித்துச் சில கருத்துகள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடமாக நடத்தும்போது நாம் பெரும்பாலும் அரங்கின் அளவுகளோடு நின்றுவிடுகிறோம். எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்பனவும் மூவகை எழினிகளும் தேர்வுக்கு உதவுகின்றன. அவற்றோடு வரும் விளக்கு பற்றிய குறிப்பை விரைந்து கடந்துவிடுகிறோம். தூண்களின் நிழல் அரங்கின்மேல் படியாமல் புறத்தே செல்லுமாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன என்கிறார் இளங்கோவடிகள். கலைஞர்மீது ஒளி எவ்வாறு விழவேண்டும் என்பதும் கலையின் ஒரு கூறே என்ற தெளிவு அக்குறிப்பில் உள்ளது. ஜொகூர் பாருவில் நாம் காணும் இசைக்குழுக்களின் விளம்பரப் படங்களை இத்தெளிவோடு அணுகுவதே இங்கு நம் நோக்கமாகும்.

தோட்டப்புறக் கோயில் சடங்குகளில் வளர்ந்த உறுமி மேளம் இன்று மலேசிய இந்தியர்தம் தைப்பூசத்திலும் திருமணத்திலும் இன்றியமையாத இடம்பெற்றுள்ளது. குழுக்கள் பெருகியுள்ளமையால் விளம்பரமும் பெருகியுள்ளது. அப்படங்களில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம், பின்னணியில் புகை, நடுவில் உறுமியை ஏந்திய இளைஞர். பார்த்தவுடன் கவர்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சற்று நின்று நோக்கினால் முகம் எங்கே என்ற வினா எழுகிறது.

விளக்கின்முன் பொருத்தும் வண்ணத்தாளை நிழற்படக் கலைஞர்கள் 'ஜெல்' என்பர். முற்காலத்தில் அது உண்மையாகவே ஜெலட்டினால் செய்யப்பட்டது. இன்று வெப்பம் தாங்கும் நெகிழித்தாளாக மாறிவிட்டது. திருவிழா மேடையின் போக்கஸ் விளக்கின்முன் சுழலும் வண்ணச் சக்கரத்தைக் கண்டவர்களுக்கு அது புதிதன்று. நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வண்ணத்தாள் ஒளியோடு நிறத்தைச் சேர்ப்பதில்லை. வெள்ளொளியிலிருந்து ஏனைய நிறங்களைக் கழிக்கிறது. ஆகவே அவ்வொளியில் எது தோன்றும் என்பதோடு எது மறையும் என்பதையும் கேட்கவேண்டியுள்ளது.

நம்மவர் நெற்றியையே எடுத்துக்கொள்வோம். செவ்வொளியில் குங்குமமும் தோலும் ஒருசேரச் சிவப்பையே எதிரொளிப்பதால் பொட்டு நெற்றியோடு கரைந்துவிடுகிறது. உதட்டின் விளிம்பும் மங்குகிறது. நீல ஒளியிலோ அதே குங்குமம் ஏறத்தாழக் கருமையாகிறது. திருநீறு மட்டும் நீலமாய் ஒளிர்கிறது. சிவப்பும் நீலமும் இருபுறமும் சமமாக விழும் படத்தில் ஒரே பொட்டு ஒரு பாதியில் மறைந்தும் மறுபாதியில் கறையாகியும் நிற்கிறது. இதை எண்ணிப் பார்த்துச் செய்தவர் சிலரே என்பது நம் கணிப்பு.

இதனினும் ஆழமான சிக்கல் தோலின் நிறத்தைப் பற்றியது. வண்ணப்படச்சுருளின் வரலாறே கரிய மேனிக்குச் சார்பானதன்று. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு வழங்கிய 'ஷெர்லி' அட்டையில் வெள்ளைநிறப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. சாக்லேட், மர அறைகலன் உற்பத்தியாளர்கள் தத்தம் பொருளின் பழுப்புநிறம் சரியாக வரவில்லை என முறையிட்டமையும் பின்னர் மாற்றத்திற்குக் காரணமாயிற்று என லோர்னா ராத் தம் 2009ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். மனிதர்களின் முகத்துக்குக் கிட்டாத கவனம் மரநாற்காலிக்குக் கிட்டியது!

இன்றைய எண்முறைக் கருவிகளில் அக்குறை பெரிதும் நீங்கிவிட்டது. பழக்கம் நீங்கவில்லை. முன்பு முகத்தை வெளுப்பாக்கும் ஒப்பனை செய்த வேலையை இப்போது வண்ண ஒளி செய்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. நீல வெள்ளத்தில் எவரும் கறுப்பரில்லை, எவரும் சிவப்பரில்லை. இதனை விடுதலை என்று வாதிடுவோரும் உளர். 'மூன்லைட்' (2016) திரைப்படத்தில் கரிய மேனியின்மேல் படியும் நீலம் அவர்களுக்குச் சான்றாகலாம். ஆனால் அங்கு நீலம் தோலின் மினுக்கத்தை வெளிக்கொணர்கிறது. நாம் குறிப்பிடும் படங்களில் அது தோலை மூடுகிறது. வேறுபாடு நிறத்தில் இல்லை, விளக்கு நிற்கும் இடத்தில் உள்ளது. கரிய தோல் பரவலாக எதிரொளிக்கும் ஒளி குறைவு. அதன் வடிவத்தைக் காட்டுவது மேற்பரப்பின் பளபளப்பே. எனவே நேர்முன்னிருந்து விளக்கின் ஆற்றலைக் கூட்டுவதைவிடப் பக்கவாட்டிலிருந்து அகன்ற ஒளியைச் சாய்த்துவிடுதல் பயன்தரும்.

வண்ணம் நம் மரபுக்கு அயலானது என்று நாம் கூறவரவில்லை. ஜொகூர் பாருவின் அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயம் ஏறத்தாழ 3 இலட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் அணிசெய்யப்பட்டு 2009இல் புதுப்பொலிவு பெற்றது. அதனுள் நுழைவோரைச் சூழ்வது முழுவதும் வண்ணமே. எனினும் எந்தக் கோயிலிலும் எண்ணெய்க்காப்பிட்ட கருங்கல் திருமுகத்தை நமக்குக் காட்டித் தருவது தீபாராதனைச் சுடர்தான். சிறிய, மஞ்சள்சார்ந்த, பக்கத்துக்குப் பக்கம் நகரும் ஒளி அது. கருமைக்கு எவ்வொளி பொருந்தும் என்பதை அர்ச்சகர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள்.

அச்சுடரை நிழற்படக் கூடத்திற்குக் கொண்டுவருவது கடினமன்று. மின்னல் விளக்கின் சுமார் 5500 கெல்வின் ஒளியை 3200 அளவிற்கு இறக்கும் செம்மஞ்சள் தாள் ஒன்று போதும். நீலம் வேண்டுமாயின் அதனை நிழலுக்குள் மட்டும் விடவேண்டும். வலிய ஒளி விழும் இடத்தில் அது வெளுத்துப் பயனற்றுப்போகும். நாம் கண்ட படங்களுள் ஒன்று இம்முறையில் அமைந்திருந்தது. இசைஞர் அமர்ந்திருந்தார், செம்மஞ்சள் ஒளி இடப்புறமிருந்து கன்னத்திலும் புறங்கையிலும் படிந்து, பின்னிருந்த நீலத்தில் முடிந்தது. பொட்டு பொட்டாகவே இருந்தது. உறுமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த கோல் உரசி உரசி ஏற்படுத்திய தடமும் அவ்வொளியில் தெளிவாகத் தெரிந்தது.