ஒன்றும் தென்படவில்லை

காமா கதிர் வெடிப்பு பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் கைவசம் இருக்கிறது. சூரியன் தன் ஆயுள் முழுக்க வெளியிடும் ஆற்றலை இது சில நொடிகளில் கொட்டிவிடும் என்பது. 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வைப் பற்றி நான் எழுதிய கட்டுரையும் அப்படித்தான் ஆரம்பித்தது. போன வாரம் அதை எடுத்து வாசித்தபோது கூச்சமாக இருந்தது. நடை மட்டும் பிரச்சினையில்லை, அந்த வாக்கியமே அந்த வெடிப்புக்குப் பொருந்தாது. அதுவரை தூரம் அளக்கப்பட்ட குறுவெடிப்புகளிலேயே மிகப் பலவீனமானது அது. அதன் பீச்சு நமக்கு நேராக இல்லாமல் சற்று விலகியிருந்தது. சூரியனின் ஆயுள் கணக்கெல்லாம் அதற்கு ரொம்ப ஜாஸ்தி. அழகான ஆரம்பம் வேண்டுமென்று ஒரு பொய்யை எழுதியிருக்கிறேன்.

‘வெடிப்பு’ என்ற சொல்லும் இதில் கூட்டு. சொன்னதுமே காதில் சத்தம் கேட்கிறது. கருவிக்குக் கிடைப்பதோ எண்ணிக்கை மட்டும். இத்தனை மில்லிநொடியில் இத்தனை போட்டான்கள், நடுவில் ஒரு சின்ன மேடு. இரண்டு நொடிக்குள் அடங்கினால் குறுவெடிப்பு. 1967இல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் முதன்முதலில் பதிவு செய்ததும் இப்படி ஒரு மேட்டைத்தான். அவை அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்கப் போனவை. விஷயம் வெளியே வர 1973 ஆனது.

ஆனால் என் கட்டுரையின் பெரிய குறை நான் வெட்டிய பத்தி. அஸ்ட்ரோசாட் பற்றியது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம்முடைய விண்வெளித் தொலைநோக்கி. அதிலுள்ள சிஇசட்டிஐ என்ற கருவியின் சுவர்களை உயர் ஆற்றல் கதிர்கள் ஊடுருவிவிடுவதால், அது ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வானமெங்கும் நடப்பது அதில் பதிவாகும். பூமி மறைக்கும் பகுதி மட்டும் விலக்கு. 650 கிலோமீட்டர் உயரத்தில் அது வானத்தில் கால்பங்குக்கும் மேல்.

அன்று மாலை 6.11க்கு இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது. 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோளில் மேடு எழுந்தது. அஸ்ட்ரோசாட்டில் ஒன்றும் இல்லை. ‘பார்க்கலையே, அதை எதுக்கு எழுதணும்?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடித்துவிட்டேன்.

செங்கோட்டைக்காரன் செய்யக்கூடாத காரியம் இது. மலையில் மழையா என்று இங்கே யாரும் அறிக்கை தேடுவதில்லை. ‘ஐந்தருவில தண்ணி வரல அண்ணாச்சி, மேல மழ இல்ல’ என்று ஆட்டோக்காரர் சொல்லிவிடுவார். அருவி இருக்கிறது, பார்க்க ஆள் இருக்கிறது, தண்ணீர் இல்லை. அதனால் அது தகவல்.

அஸ்ட்ரோசாட்டின் கணக்கும் அதே. கருவி விழித்திருந்தது, கதிர் வந்திருந்தால் பதிவாகியிருக்கும். பதிவாகவில்லை என்றால் பூமி மறைத்த பகுதிக்குள்தான் அது நடந்திருக்க வேண்டும். ஃபெர்மி காட்டிய பரந்த வானத்தில் மீதியை அடித்துவிடலாம். இத்தாலியின் விர்கோவும் அன்று இப்படித்தான் உதவியது. அதன் குருட்டுத்திசைக்கு அருகே நடந்ததால் அதில் சமிக்ஞை மிக மெலிதாக வந்தது; அந்த மெலிவே இடத்தைச் சுருக்கியது. சுமார் 11 மணி நேரத்தில் சிலியிலிருந்து, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் ஒளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ‘தோத்தவன் சொல்ற சமாதானம்’ என்றார். பாதி ஒத்துக்கொள்கிறேன். பார்த்திருந்தால் யாருக்குத்தான் சந்தோஷமில்லை? ஆனால் அதே ஆண்டு ஜனவரியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஜனவரி 4 அன்று வந்த ஈர்ப்பலையோடு, வானில் மங்கிக்கொண்டிருந்த ஒரு ஒளிப்புள்ளியைச் சிலர் முடிச்சுப் போடப் பார்த்தார்கள். சிஇசட்டிஐ தரவில் அந்த அலையின் நேரத்தில் ஒன்றும் இல்லை. பல மணி நேரம் கழித்து வேறொரு வெடிப்பு இருந்தது. ஒளிப்புள்ளி அதனுடையது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஒரு நல்ல கதையைக் கெடுத்த கருவி என்பதாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை.

இல்லாமையை அறிவாகச் சொல்ல நம்மிடம் மொழி இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. மணிமேகலையில் சமயக் கணக்கர் அடுக்கும் அளவைகளில் காட்சியும் கருத்தும் இருக்கும் வரிசையிலேயே ‘அபாவம்’ இருக்கிறது. தத்துவச் சொல்லாகவே அதை விட்டுவைத்திருக்கிறோம். அறிவியல் கட்டுரைக்குள் கொண்டுவரவில்லை. விஞ்ஞானிகளின் அறிக்கைகள் இதில் நேர்மையானவை. எந்த நேரத்தில் தேடினோம், ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் இந்த அளவுக்குக் கீழேதான் என்று நாலே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த நடையைத் தமிழில் எழுத ஆசையாக இருக்கிறது.

கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 6.11க்கு இங்கே சூரியன் இன்னும் மறையவில்லை. என்ஜிசி 4993 தென்மேற்கில், அடிவானத்திலிருந்து நாற்பது டிகிரிக்கு மேலே இருந்திருக்கிறது. அதாவது குற்றால மலைப் பக்கம். காமா கதிர் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அடித்த பத்தியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். சூரியனின் ஆயுளை எடுத்துவிட்டேன்.