வெள்ளம் என்றால் தண்ணீர்

இரண்டாம் மொழியில் ‘தேர்ச்சி’ பற்றிப் பேசுகிறபோதெல்லாம் பேசுகிறவனைத்தான் பரிசோதிக்கிறோம். உச்சரிப்பு சரியா, ஒருமை பன்மை மயக்கம் உண்டா என்று பார்க்கிறோம். கேட்கிறவனுக்கு ஒரு பரீட்சையும் கிடையாது. இந்த ஒருபக்கத் தராசு குமரி மாவட்டத்தில் நிலைகொள்வதில்லை.

1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையும்வரை இது மலையாளம் கோலோச்சிய ராஜ்யத்தின் பகுதி. சுந்தர ராமசாமி (1931–2005) பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பதினெட்டு வயதை ஒட்டித்தான். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானும் (1944–2019) மலையாள வழியில் படித்தவர். வீட்டில் பேசிய மொழியின் எழுத்து வடிவமே இவர்களுக்கு ‘இரண்டாம் மொழி’. முதல், இரண்டு என்கிற எண்களை ராஜ்ய எல்லையும் பாடத்திட்டமும்தான் போடுகின்றன.

1965இல் சாம்ஸ்கி முன்வைத்த மொழித்திறன், ஒரேசீரான சமூகத்தில் வாழும் இலட்சியப் பேச்சாளனின் இலக்கண அறிவு. அது போதாது என்றார் டெல் ஹைம்ஸ். யாரிடம், எங்கே, எதைப் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதும் திறன்தான் என்றார். வாஸ்தவம். ஆனால் எது பொருத்தமான பேச்சு என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாருக்கு?

விளவங்கோட்டுக்காரர் ‘குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாருங்க’ என்பார். மதுரைக்காரருக்குச் சிரிப்பு வரும். அங்கே வெள்ளம் என்றால் ஆற்றுப் பெருக்கு. ‘பறஞ்சான்’ என்று சொல்லிவிட்டாலோ மலையாளத்தான் என்று முத்திரை. சொல்லுதல் என்ற பொருளில் ‘பறைதல்’ பழந்தமிழிலேயே உண்டு என்பது முத்திரை குத்துகிறவருக்குத் தெரியாது. தெரியாமை அவர் பக்கம். ‘பேசத் தெரியாதவன்’ என்கிற பட்டம் இவர் பக்கம். மறுதடவை இவர் ‘தண்ணி’ என்று மாற்றிக்கொள்கிறார். இந்தப் பணிவுக்குத்தான் தேர்ச்சி என்று பெயர்.

மீரான் பணியவில்லை. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) அரபும் மலையாளமும் கலந்த கடற்கரை முஸ்லிம்களின் தமிழிலேயே நடக்கிறது. வாசகன் முதலில் தட்டுத்தடுமாறுகிறான், பிறகு பழகிக்கொள்கிறான். இங்கே மொழி கற்கிறவன் வாசகன். 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்கு சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது, கேட்கிற காதுகளும் தேர்ச்சி பெற முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேணும்?

நாவலாசிரியனுக்கு இது சாத்தியம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவனுக்கு முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். அதனாலேயே கேட்கிறவரின் பொறுப்பு அங்கே கூடுகிறது. இன்று நாகர்கோவில் ஓட்டல்களில் பரிமாறுகிற வடமாநிலப் பையன்களும் நம்மிடமிருந்துதான் தமிழ் கற்கிறார்கள். அவன் பெரியவரைப் பார்த்து ‘நீ என்ன சாப்பிடுற?’ என்று கேட்டுவிட்டால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. மரியாதைப் பன்மை அவனுக்கு இன்னும் வசப்படவில்லை என்கிறோம். எப்படி வசப்படும்? அவனை யாராவது ஒருநாள் ‘நீங்க’ என்று கூப்பிட்டிருக்கிறோமா?