மச்சுப்படியின் கணக்கு

தாத்தா வீட்டு மச்சுப்படியை இந்த முறை அளவுநாடா வைத்து அளந்தேன். தரைக்கும் மச்சுக்கும் பத்தடி உயரம், படிகள் 12. மச்சுத்தரைக்கு ஏறும் கடைசி ஏற்றத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றும் ஒன்பதே கால் அங்குலம் ஏறுகிறது. கால் வைக்கக் கிடைப்பதோ ஏழு அங்குலம். முதல் படி தவிர அத்தனையும் பழைய தேக்கு. இன்றும் ஒரு படிகூட முனகுவதில்லை. ஆனால் பாட்டி தன் கடைசிப் பத்து வருடங்களில் மச்சுக்கு ஏறவே இல்லை. மரப்படியைப் புகழ்கிறவர்கள் முனகாததைச் சொல்வார்கள், பாட்டி ஏறாததைச் சொல்ல மாட்டார்கள்.

புகழ வேண்டியதை முதலில் புகழ்ந்துவிடலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பது கைப்பிடியையும் கடைசல் கால்களையும்தான். பாரத்தைச் சுமப்பது இருபுறமும் சரிவாக நிற்கும் பக்கப்பலகைகள். அவற்றின் உள்முகத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மிதிபலகையின் முனைகளை அதில் செருகியிருக்கிறார்கள். பக்கப்பலகைகள் நாளடைவில் அகன்றுவிட்டால் படி காடியிலிருந்து நழுவிவிடும் அல்லவா? அதற்காக நாலு படிக்கு ஒரு படியின் முனையை மட்டும் நாக்காகச் செதுக்கி, பக்கப்பலகையைத் துளைத்து வெளியே எடுத்து, ஆப்படித்து இறுக்கியிருக்கிறார் ஆசாரி. ஆணி எங்கும் இல்லை.

இதில் மரத்தின் குணம் அறிந்த புத்தி இருக்கிறது. மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்கேதான் சுருங்கும், விரியும். நார் படியின் நீளவாக்கில் ஓடுவதால் இரு பக்கப்பலகைகளுக்கு இடையிலான அளவு மழையிலும் வெயிலிலும் மாறாது. அகலம் சற்றுக் கூடிக் குறையலாம், அதற்குக் காடியில் இடம் இருக்கிறது. முதல் படியை மட்டும் கருங்கல்லில் வைத்ததும் அலங்காரத்துக்கு அல்ல. பக்கப்பலகையின் வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சும், கரையானுக்கும் அதுதான் வாசல். கல் அந்த முனையைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறது.

குறை சாய்வில் இருக்கிறது. இரு படிகளுக்கு இடையே நிற்க வேண்டிய குத்துப்பலகை இந்தப் படியில் கிடையாது. மரத்தை மிச்சம் பிடித்தார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு. பத்து அங்குலப் பாதம் ஏழு அங்குலப் பலகையில் ஏற வேண்டுமானால் விரல்கள் மேல்படிக்கு அடியில் நுழைந்தாக வேண்டும். குத்துப்பலகை இருந்தால் ஏறவே முடியாது. அதை விட்டதற்கு ஒரு விலையும் உண்டு. குத்துப்பலகை மிதிபலகையை அடியில் தாங்கும் உத்தரம் போன்றது. அது இருந்தால் ஓரங்குலப் பலகையே போதும். இல்லாததால் இங்கே ஒன்றரை அங்குலம் போட்டிருக்கிறார்கள். ஏறும்போது உதவும் இந்தத் தந்திரம் இறங்கும்போது கைவிடுகிறது. பாதத்தின் முன்பகுதி வெளியே தொங்கும். பக்கவாட்டில் திரும்பியோ, ஏணியில் இறங்குவதுபோல் படியைப் பார்த்தபடியோதான் இறங்க வேண்டும். கையில் ஒரு குடம் இருந்தால் அதுவும் நடக்காது.

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் படிக்கு ஒரு சூத்திரம் தந்தார்: ஏற்றத்தின் இரட்டிப்போடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் ஒரு நடை அளவு வர வேண்டும். அவர் நாட்டு அங்குலத்தில் 24, நம் அளவில் சுமார் 65 சென்டிமீட்டர். தாத்தா வீட்டுப் படிக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தரை அங்குலம், கிட்டத்தட்ட அதே 65! சூத்திரத்தில் முதல் வகுப்பில் தேறுகிற படி பாட்டியைத் தோற்கடித்திருக்கிறது. கூட்டுத்தொகையை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டையும் தனித்தனியே கட்டுகிறது: வீட்டுப் படியில் ஏற்றம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 25க்குக் குறையக் கூடாது. அப்படிக் கட்டினால் பத்தடி உயரத்துக்குத் தரையில் சுமார் பதின்மூன்று அடி நீளம் வேண்டும். தாத்தா ஏழடியில் முடித்துவிட்டார். மிச்சமான ஆறடியில் நெல்குதிர் நின்றது. குதிரா கால்களா என்ற கேள்விக்கு அந்தக் காலம் சொன்ன பதில் அது.

தச்சுத்திறன் வேறு, காலின் சுகம் வேறு என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சியே உண்டு. அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் லொரெட்டோ சிற்றாலயத்து மரப்படி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தது. 33 படிகள், இரண்டு முழுச் சுற்று, நடுவே தூண் இல்லை. தெய்வச் செயல் என்றே பலர் நம்பினார்கள். உட்புறப் பக்கப்பலகை மிக நெருக்கமாகச் சுருள்வதால் அதுவே தூணின் வேலையைச் செய்கிறது என்பது பொறியியல் விளக்கம். ஆனால் முதலில் அதற்குக் கைப்பிடி கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள்.

இன்று நகரத்து வீடுகளில் ‘மரப்படி’ என்று காட்டுவது பெரும்பாலும் காங்கிரீட்டின் மேல் பசையால் ஒட்டிய பலகை. சாய்வு சரியாக இருக்கிறது, கால் நோகவில்லை. மரம்தான் பாவம். அசைய இடமில்லாமல் ஒட்டப்பட்டதால் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் தூக்கிக்கொள்கிறது. போதாததற்குக் கண்ணாடி போன்ற பாலிஷ் வேறு, ஈரக்காலோடு வந்தால் வழுக்கும். தாத்தா காலத்து இணைப்பும் இந்தக் காலத்துச் சாய்வும் ஒரே படியில் சேர்வதற்குத் தடையே இல்லை. ஆறடி இடத்தை விட்டுக்கொடுக்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக மரப்படி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசாரியிடம் கைப்பிடிப் படத்தைக் காட்டுவதற்கு முன் உயரத்தையும் தரை நீளத்தையும் அளந்து கொடுங்கள். படியின் அடிப்பக்கத்தைப் பலகை அடித்து மூடவும் விடாதீர்கள். ஆப்பு தளர்ந்தால் தட்டிச் சரிசெய்ய அந்த வழியாகத்தான் கை போக வேண்டும்.