செப்பனிட்ட முகங்கள்

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்னும் விவாதத்தை நமக்கு முன்னிருந்தவர்கள் கதையையும் கவிதையையும் வைத்து நடத்தினார்கள். இன்று ஒவ்வொரு மாணவனும் அதே விவாதத்தைத் தன் கைத்தொலைபேசியில், அறிந்தோ அறியாமலோ, நாள்தோறும் நடத்துகிறான். படம் எடுக்க ஒரு கணம். எடுத்த படத்தைத் திருத்த ஒரு செயலி. திருத்தியதை ஊருக்குக் காட்ட இன்னொரு செயலி. எந்தச் செயலியைத் தெரிவு செய்வது என்று மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்கிறார்கள். சிறிய கேள்விதான், ஆனால் அற்பமான கேள்வியன்று. ஒரு மனிதனின் முகம் எவ்வாறு இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற பெரிய கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. ஊவாவின் தேயிலை மலைகளில் வாழ்வோருக்கு அந்தப் பெரிய கேள்வி புதியதுமன்று.

1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்பது அவருடைய வியாபார முழக்கம். அந்த முழக்கத்துக்குப் படம் தேவைப்பட்டது. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் விளம்பரத்துக்கு வந்தது இப்படித்தான். அதே 1890இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனமும், அதற்கு முன்பே இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் படக்கூடங்களும் தேயிலை மலைகளைப் படம் பிடித்து உலகுக்கு விற்றன. தபாலட்டைகளில் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. மலை மேலும் பச்சையாயிற்று. சேலை மேலும் சிவப்பாயிற்று.

அந்தப் படங்களில் கூடை உண்டு, நகை உண்டு, புன்னகையும் உண்டு. பிரட்டுக்களம் இல்லை, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா இல்லை, அட்டை கடித்த கால் இல்லை. படத்தின் கீழே 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்பன போன்ற சொற்கள் இருந்தன. பெயர் இருப்பது அரிது. இன்றைய செயலிகள் விரல் நுனியில் செய்துதரும் மூன்று காரியங்களை, அதாவது வண்ணம் கூட்டுதல், வேண்டாததை வெட்டுதல், குறையை மறைத்தல் ஆகியவற்றை, அன்றைய படக்கூடங்கள் தூரிகையாலும் கத்தரியாலும் செய்தன. தொழில்நுட்பம் மாறியிருக்கிறது, பார்வை அவ்வளவாக மாறவில்லை.

இனி, அந்தப் படங்களில் இருந்தவர்கள் தமக்கென எடுத்துக்கொண்ட படங்களைப் பார்ப்போம். தோட்டத்துக் குடும்பம் ஒன்று பதுளைக்கோ பண்டாரவளைக்கோ இறங்கி ஸ்டூடியோவில் படம் எடுப்பது வாழ்வில் ஓரிரு தடவை நிகழ்கின்ற காரியமாக இருந்தது. கலியாணம் ஒன்று, கடவுச்சீட்டு மற்றொன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்குப் பிரித்தது. கப்பலேறியவர் முகமும் தங்கிவிட்டவர் முகமும் பல வீடுகளில் இன்று ஒரேயொரு மங்கிய படமாகவே எஞ்சியிருக்கின்றன. அந்தப் படத்தைத் திருத்துவது என்றால் அந்த வீட்டின் ஒரே சாட்சியத்தைத் திருத்துவது என்று பொருள்.

படம் பிடிக்கும் கருவிக்குச் சார்பு கிடையாது, அது கண்டதைக் காட்டும் என்று சொல்வாருண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வண்ணப்படச்சுருள் ஆண்ட காலத்தில், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பிற்று. அதில் இருந்தவள் வெள்ளைத்தோல் பெண். அந்த அட்டைக்கு 'ஷெர்லி' என்றே பெயர் வழங்கிற்று. அவள் தோல் சரியாக வந்தால் உலகம் சரியாக வந்ததாகக் கணக்கு. கருமையான முகங்கள் அந்தச் சுருளில் கண்ணும் பல்லுமாக மட்டும் எஞ்சின. சாக்லேட்டின் பல்வகைப் பழுப்பும் மரத்தளபாடத்தின் நிற வேறுபாடும் விளம்பரப் படங்களில் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் குறை கூறியது அச்சுருள் திருத்தப்பட ஒரு காரணமாயிற்று என்பதைக் கொடாக்கில் பணியாற்றியவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். மனிதத் தோலுக்குக் கிடைக்காத செவி மரப்பலகைக்குக் கிடைத்தது. சந்தையின் தர்மம் அது.

சுருள் போய் எண்ணிமப் படம் வந்தபோது சார்பும் உடன் வந்தது. 2017இல் வெளிவந்த ஃபேஸ்ஆப் என்னும் செயலியில் முகத்தைக் கவர்ச்சியாக்கும் வசதியொன்று இருந்தது. அது கறுப்பரின் முகத்தை வெளுக்கச் செய்தது. எதிர்ப்பு எழுந்ததும், செயலிக்குப் பயிற்சியளிக்கப் பயன்பட்ட படங்களின் சாய்வே காரணம் என்று கூறி அதன் உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார். 2021இல் கூகுள் நிறுவனம் தன் கைத்தொலைபேசியில் கருநிறத் தோலை உள்ளபடி காட்டும் ஏற்பாட்டைச் செய்துவிட்டதாக விளம்பரப்படுத்திற்று. மாற்ற முடிந்த குறை இயற்கையின் குறையன்று. மனிதர் செய்து வைத்த குறை.

இந்தச் சார்பு நம் வகுப்பறைக்குள்ளும் வந்திருக்கிறது. சுவர்ப்பத்திரிகை ஒன்றுக்காக, வேலை செய்யும் பெற்றோரைப் படமெடுத்து வரும்படி மாணவர்களிடம் கேட்டோம். வந்த படங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தாய்மாரின் முகம் மாவு பூசியதுபோல வெளுத்திருந்தது. ஒரு படத்தில், கொழுந்துக் கறை படிந்து வெடித்த விரல்கள் மெழுகுபோல வழவழத்தன. கேட்டபோது அந்த மாணவன் சொன்னான்: "அம்மா கையி அசிங்கமா இருந்துச்சு சேர். அதான் அழிச்சிட்டேன்." அவனைக் கண்டிப்பது எளிது, கண்டிப்பதில் நியாயமில்லை. பல மலிவுவிலைக் கைத்தொலைபேசிகளில் 'அழகூட்டல்' என்ற வசதி தொழிற்சாலையிலிருந்தே இயங்கும் நிலையில் வருகிறது. எது அசிங்கம் என்று அவன் முடிவு செய்யுமுன்னரே கருவி முடிவு செய்துவிட்டது. அதற்கும் முன்னர், பெண் பார்க்கப் போகுமிடத்தில் 'நிறம் எப்படி?' என்று கேட்கும் நம் சமூகம் முடிவு செய்துவிட்டது. செயலியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது.

ஆகவே திருத்தமே கூடாது என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. பனிமூட்டத்தில் நமுனுகுலைச் சரிவில் எடுத்த படம் சாம்பல் பூத்துத்தான் வரும். வெண்மையான வானத்தின் எதிரே நிற்கும் கருநிற முகத்தைக் கருவி மேலும் இருட்டாக்கிவிடும். அந்த முகத்துக்கு ஒளி கூட்டுவது உண்மைக்குச் செய்யும் உதவியே. ஒளி கூட்டும்போது தோலின் சுருக்கமும் தழும்பும் நிறமும் தெளிவாகின்றன. வெளுப்பேற்றும்போது அவை மறைகின்றன. செயலியைத் தெரிவு செய்பவன் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்த அளவுகோலைக் கொண்டு, பரவலாக வழங்கும் சில செயலிகளை மதிப்பிடலாம். ஸ்னாப்சீட் 2011இல் தோன்றி, 2012இல் கூகுள் வசமானது. காசு கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை. செய்த திருத்தங்களைப் படிப்படியாகத் திரும்பிப் பார்க்கவும், வேண்டாததை நீக்கவும் இடம் தருகிறது. படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளி கூட்டலாம். அதிலும் முகத்தை மெழுகாக்கும் வசதியும், பொருளை அழிக்கும் வசதியும் உண்டு; ஆனால் நாமாகத் தேடிப்போய்த் தொட்டாலன்றி அவை இயங்குவதில்லை. அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மூலப்படத்தைத் தொடாமல் திருத்தங்களைத் தனியே பதிந்துவைக்கிறது. வெளிச்சத்தையும் நிழலையும் நுணுக்கமாக ஆள விரும்புவோர்க்கும், பலகைக் கணினியின் பெரிய திரையில் வகுப்புக்குக் கற்பிப்போர்க்கும் அது ஏற்றது. அதன் அடிப்படை வசதிகள் இலவசம். மற்றவற்றுக்குச் சந்தா கட்டவேண்டும்.

பிக்ஸார்ட், விஸ்கோ போன்றவை ஆயத்த அச்சுகளை முன்னே நீட்டுகின்றன. நல்ல வசதிகளுக்கு அவையும் சந்தா கேட்கின்றன. ஆயத்த அச்சின் குறை என்னவெனில், எல்ல நகரத்து உணவகமும் பசறைத் தோட்டத்து லயமும் அதில் ஒரே மஞ்சள் வெயிலில் குளிக்கும். நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்குவதற்கே 2024 செப்டெம்பர் வரை போராட வேண்டியிருந்த மக்களின் பிள்ளைகள், ஒரு வண்ணப் பூச்சுக்கு மாதாமாதம் கப்பம் கட்டுவது எவ்வகையிலும் தேவையற்றது.

ரெமினி போன்ற செயலிகளைத் தனியே கவனிக்கவேண்டும். மங்கிய பழைய படத்தைத் தெளிவாக்கித் தருவதாக அவை சொல்கின்றன. பார்ப்பவர் கண் கலங்குமளவுக்குத் தெளிவாக்கியும் தருகின்றன. ஆனால் படத்தில் இல்லாத விவரத்தை எந்த இயந்திரமும் கண்டெடுக்க முடியாது. தான் கற்ற இலட்சக்கணக்கான முகங்களிலிருந்து கண்ணிமையையும் பல்வரிசையையும் கற்பித்து அது ஒட்டுகிறது. பாட்டியின் படத்தைக் கொடுத்தால் பாட்டியைப்போன்ற ஒருத்தி வருகிறாள். பேரப்பிள்ளைகள் அவளையே பாட்டியென்று நினைவில் வைக்கிறார்கள். மூலப்படத்தைப் பத்திரப்படுத்தி, புதியதன் கீழே 'இயந்திரம் வரைந்தது' என்று எழுதிவைப்பதே இதற்கு நேர்மையான வழி. இத்தகைய செயலிகள் பல, படத்தை வெளிநாட்டுக் கணினிகளுக்கு அனுப்பியே வேலை செய்கின்றன. ஃபேஸ்ஆப்பின் நிபந்தனைகள் 2019இல் உலகெங்கும் சர்ச்சைக்குள்ளானது, பயனாளரின் படத்தின் மீது அந்நிறுவனம் காலவரையற்ற உரிமையைக் கேட்டுக்கொண்டதாலேயே. நிலத்துக்கு உறுதியில்லாத மக்கள் முகத்துக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவேண்டுமா?

படம் அழகுப்பொருள் மட்டுமன்று. சில வேளைகளில் அது முறைப்பாடு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலைச்சரிவு மூடிற்று. ஊவாவின் சரிவுகளில் வாழ்வோர் சுவர் வெடிப்பையும் நிலப்பிளவையும் இன்று கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் காட்டுகிறார்கள். அத்தகைய படத்தில் ஒரு வண்ண அச்சைப் பூசினால் வெடிப்பு மென்மையாகிவிடலாம். கருமையை மிகைப்படுத்தினால் 'செய்து காட்டிய படம்' என்று தள்ளிவிடலாம். எடுத்த திகதியும் நேரமும் படக்கோப்பினுள்ளேயே பதிந்திருக்கும். சில செயலிகள் சேமிக்கும்போது அதை அழித்துவிடுகின்றன. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினாலும் அது அழியும். ஆவணக் கோப்பாக அனுப்பினால் தங்கும். சாட்சியப் படத்துக்குச் சிறந்த செயலி எதுவெனில், செயலி வேண்டாம் என்பதே விடை. ஓர் அடிமட்டத்தை வெடிப்பின் அருகே வைத்து எடுத்தால் போதும்.

'உழைத்துக் களைத்தவர்கள் ஒரு நாளாவது அழகாகத் தோன்றக்கூடாதா? வறுமையை மட்டுமே படமாக்குவதுதான் முற்போக்கா?' என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கலியாணப் பெண் தன் படத்தில் எந்த ஒளியில் நிற்கவேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. லயத்தின் கூரைத்தகரத்தை மட்டும் தேடிப்போய்ப் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சோகம் பிழிவதும் தபாலட்டையின் மறுபக்கமே. வெள்ளை முகமே அழகு என்று அவளைக் கேளாமலே கருவி தீர்ப்புச் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். படத்தைத் திருத்தி உண்மையைக் கொல்வது முதலாளித்துவத்தின் தனிச்சொத்தன்று. 1920இல் லெனின் பேசிய மேடையருகே நின்ற திரொட்ஸ்கியும் காமனேவும் பிற்காலப் பிரதிகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். ஸ்டாலினுக்கருகே கால்வாய்க்கரையில் நடந்த யெசோவ் 1940இல் கொல்லப்பட்டபின், அவர் நின்ற இடத்தில் தண்ணீர் வரையப்பட்டது. மக்களின் பெயரால் செய்தாலும் அழித்தல் அழித்தலே. இன்று ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்திலிருந்து தண்டவாளத்தில் நடந்துபோகும் தொழிலாளியை விரலால் தடவி நீக்கும் உல்லாசப் பயணி அந்த வரலாற்றை அறியமாட்டார். நாம் அறிந்திருக்கிறோம், ஆகவே நமக்குப் பொறுப்பு அதிகம்.

ஆசிரியத் தோழர்களுக்கு நாம் கூறக்கூடிய வழி எளியது. முதலில் கைத்தொலைபேசியின் அழகூட்டலை நிறுத்தச் செய்யுங்கள். மூலப்படத்தை அழியாமல் காக்கும் செயலியை, இணையத் தொடர்பின்றியும் இயங்கும் செயலியை, காசு கேளாத செயலியைத் தெரிவு செய்யுங்கள். தமிழில் எழுதிப்பாருங்கள், கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அந்தச் செயலி நம் பெயர்களை எழுத உதவாது. ஒளியையும் நிழலையும் திருத்த விடுங்கள். தோலின் நிறத்தைத் தொடவிடாதீர்கள். எந்தப் படத்தின் கீழும், அதில் இருப்பவரின் சம்மதத்தோடு, அவர் பெயரையும் தோட்டத்தையும் திகதியையும் எழுதச் செய்யுங்கள். நூற்று முப்பது ஆண்டுகளாக 'கொழுந்து பறிப்பவள்' என்று மட்டும் அழைக்கப்பட்டவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதை எழுதுவதற்குச் சந்தா கட்டவேண்டியதில்லை.