வேறு பெயரில் ஒரு ஜஸ்டினியன்

சரண்டியத்தின் பேரரசன் இரண்டாம் வலேரியஸ் அரண்மனைச் சுரங்கப்பாதையில் கொல்லப்படும்போது, பைசாந்திய வரலாறு தெரிந்த வாசகர்தான் அதிகம் திடுக்கிடுவார். வலேரியஸ் யாரென்று அவர் முதல் அத்தியாயங்களிலேயே கண்டுபிடித்திருப்பார்: 527 முதல் 565 வரை கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட ஜஸ்டினியன். அந்த ஜஸ்டினியனோ எண்பதைத் தாண்டி, முதுமையில் இறந்தவன்.

கனடிய எழுத்தாளர் கை கேவ்ரியல் கேயின் 'செய்லிங் டு சரண்டியம்' (1998), 'லார்ட் ஆஃப் எம்பரர்ஸ்' (2000) ஆகிய இரு நாவல்களும் நிஜ வரலாற்றுக்கு வேறு பெயர் சூட்டும் இந்த உத்தியில்தான் நடக்கின்றன. வானில் இரண்டு நிலவுகள். ஜஸ்டினியனின் மனைவி தியோடோரா, அலிக்ஸானா ஆகிறாள். தளபதி பெலிசாரியஸ், லியோன்டெஸ் ஆகிறான். ஹேகியா சோஃபியாவை ஒத்த ஆலயத்தின் குவிமாடத்தில் கிறிஸ்பின் என்ற கலைஞன் மொசைக் பதிக்கிறான்.

இந்த மாறுவேடத்தால் என்ன லாபம்? ஜஸ்டினியனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதியது. அவர் கட்டடங்களைப் பற்றிய நூலில் மன்னனைப் புகழ்ந்து தள்ளினார். இரகசிய நூலிலோ அவனைப் பேய் என்றார். இரவில் அரண்மனையில் உலாவும்போது மன்னனின் தலை மட்டும் மறைந்துவிடுமாம். ராபர்ட் கிரேவ்ஸ் 1938இல் நிஜப் பெயர்களோடு 'கவுன்ட் பெலிசாரியஸ்' எழுதியபோது வசையின் பக்கமே சாய்ந்தார். அவருடைய ஜஸ்டினியன் பொறாமை பிடித்த அற்பன். கே அந்தப் புரோகோபியஸையே பெர்டென்னியஸ் என்ற பாத்திரமாக்கி, ஊரறியப் புகழவும் இரகசியமாக வசைபாடவும் விடுகிறார். வதந்தியோடு சேர்ந்து அதை எழுதியவனும் அம்பலமாகிறான்.

கிஸல் இன்னொரு வெற்றி. இத்தாலியை ஆண்ட கோத்திய அரசி அமலசுந்தா 535இல் கொல்லப்பட்டாள். அந்தக் கொலையைச் சாக்கிட்டு ஜஸ்டினியன் இத்தாலிமீது படையெடுத்தான். நாவலில் அவளுக்கு இணையான கிஸல் உயிர்தப்பிக் கடல் கடந்து, கடைசியில் சரண்டியத்துக்கே பேரரசியாகிறாள்.

சறுக்கல்களும் உண்டு. உருவ எதிர்ப்பு இயக்கம் பைசாந்தியத்தில் தலைதூக்கியது 8ஆம் நூற்றாண்டில். கே அதை இருநூறு ஆண்டு முன்னுக்கு இழுத்து, லியோன்டெஸின் ஆணையாக்கி, கிறிஸ்பினின் மொசைக்கை அகற்ற வைக்கிறார். கதை இறுகுகிறது என்பது உண்மை. ஆனால் தலைமுறைகள் நீண்ட இறையியல், அரசியல் தகராறு ஒரு பக்திமானின் பிடிவாதமாகச் சுருங்கிவிடுகிறது.

பெரிய குறை வலேரியஸின் சாவு நேரத்திலேயே இருக்கிறது. மேற்கே படையெடுக்க எல்லாம் தயாரான வேளையில் அவன் சாகிறான். புதிய ஆட்சி அந்தப் போரைக் கைவிடுகிறது. நிஜ ஜஸ்டினியன் அதை 554 வரை இழுத்தான். ரோம் திரும்பத் திரும்பக் கைமாறியது. 537இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர், அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலங்களைத் துண்டித்தனர். இத்தனை அழிவுக்குப் பின் மீட்ட இத்தாலிக்குள், அவன் இறந்த மூன்றே ஆண்டில், லம்பார்டுகள் புகுந்தனர். வலேரியஸின் கணக்கில் இதில் எதுவும் ஏறவில்லை. அதனால்தான் அழகைத் தேடிய கட்டடப் பிரியனாகவே அவன் நம் மனத்தில் தங்குகிறான்.

கே அவனை முழுக்கக் கழுவிவிட்டார் என்று சொல்ல முடியாது. அரியணைப் போட்டியாளன் ஃபிளேவியஸ் டலைனஸ் தெருவில் திரவ நெருப்பில் எரிந்து சாவதற்குப் பின்னால் இருந்தது அவனுடைய மூளைதான். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பழிவாங்கலில்தான் அவன் உயிரும் போகிறது. ஆனால் அது மேட்டுக்குடியினர் தங்களுக்குள் தீர்த்துக்கொண்ட பகை. பெயரை மாற்றியதால் கிடைத்த சுதந்திரத்தை, மன்னனின் மனத்துக்குள் நுழையக் கே அற்புதமாகப் பயன்படுத்துகிறார்; அவன் ஆசைக்கு விலை கொடுத்த ஊர்களை அதே சுதந்திரம் கதையிலிருந்து அகற்றிவிடுகிறது. கிரேவ்ஸ் மன்னனுக்கு அநியாயம் செய்திருக்கலாம். நிஜப் பெயரில் எழுதியதால், ரோம் முற்றுகையை அவர் எழுதியே ஆகவேண்டியிருந்தது.