முன்னறிந்தவனும் மறுதலித்தவனும்

அனுமந்தைப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் மேகத்தைப் பார்க்கிற பார்வை தனி. பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது கோடை மழை ஒன்று இறங்கினால் பல நாள் உழைப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். மழை வரும் என்று கண்டுகொண்டவர் வாரிக் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுகிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக மழை வரவில்லை. வரப்போகிற மழையை அவர் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

கடவுளின் முன்னறிவு, மனித சித்தத்தின் சுதந்திரம் என்ற இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ள வேண்டிய சங்கடத்துக்குக் கிறிஸ்தவம் சொன்ன மிகப் பழைய பதில்களில் ஒன்று ஏறக்குறைய இதுதான். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்டின் இதை ஞாபகத்தை வைத்துச் சொன்னார். நடந்து முடிந்ததை நான் நினைவில் வைத்திருப்பது அதை நடக்கும்படி நிர்ப்பந்தித்ததாக ஆகாது. நடக்கப்போவதைக் கடவுள் அறிந்திருப்பதும் அப்படியே. ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய போயீதியஸ் கடவுளுக்கு முன்பின்னே இல்லை என்றார். எல்லாக் காலமும் அவருக்கு நிகழ்காலம். ஒருவன் நடப்பதை நான் பார்ப்பது அவன் காலைக் கட்டிப்போடாது என்றால், அவர் பார்ப்பதும் கட்டிப்போடாது.

தர்க்கம் சரி. ஆனால் உப்பளக்காரர் மழையைப் படைத்தவரல்ல. அறிகிறவனும் படைக்கிறவனும் ஒருவனே என்று சொன்ன மாத்திரத்தில் உவமை உடைந்துபோகிறது. இந்த உடைப்பு தமிழ்க் கவிதைக்குள் வந்ததா என்பதே என் கேள்வி. வரவில்லை என்று நினைக்கிறேன். வராமற்போனதற்குக் காரணம் கவிஞர்களின் திறமைக் குறைவல்ல. அவர்கள் கையிலெடுத்த காவிய மொழிதான்.

தமிழ்க் காவியத்தின் மூட்டுகளில் ஊழ் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அது வந்து கோவலனைப் பிடிக்கும்போது அதற்குப் பின்னால் முகம் எதுவும் இல்லை. வினை இருக்கிறது, விளைவு இருக்கிறது, கணக்குப் பார்க்கும் ஆள் இல்லை. கம்பனில் இலக்குவன் கோபத்தில் கொதிக்கும்போது, நீர் வற்றியதற்கு ஆற்றைக் குறைசொல்லலாகாது என்ற தோரணையில் இராமன் பழியைக் கைகேயியிடமிருந்து எடுத்து விதியின்மேல் போடுகிறான். இது தத்துவமல்ல, கருணை. விதியின்மேல் போட்ட பழி வேறு யார் தலையிலும் போய் இறங்குவதில்லை. ஆகவே ஊழால் மன்னிக்க முடிகிறது.

யூதாஸ் விஷயத்தில் ஒரு கிறிஸ்தவக் கவிஞன் இதைச் செய்ய முடியாது. முன்பே எழுதப்பட்டது, அவன் என்ன செய்வான் என்று சொன்னால், எழுதியவர் கடவுள். பழி நேராக அங்கே போகிறது. வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் இந்த அபாயத்தை உணர்ந்திருக்க வேண்டும். ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 'விதி'யைத் தொடாமல், முன்னறிதல், முன்குறித்தல் என்ற சொற்களை வைத்தார்கள். நல்ல சொற்கள். ஆனால் சொல்லை மாற்றியதும் பிரச்னை தீர்ந்தது என்ற மயக்கமும் கூடவே வந்தது.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1827இல் பிறந்தவர், வைணவக் குடும்பம், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையின் வழிநூல். பனியன் கால்வினிச நம்பிக்கை உள்ளவர்: யார் மீட்கப்படுவார் என்பது உலகத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. நான் அந்தப் பட்டியலில் இருக்கிறேனா, இல்லை யூதாஸைப்போல விற்றுவிட்டவனா என்று அவர் பட்ட வதை, 1666இல் வெளியான அவருடைய சுயசரிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. உருவகக் கதையிலும் அந்த பயம் ஒளிந்துகொள்ளவில்லை. இரும்புக் கூண்டுக்குள் மனந்திரும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனைக் காட்டுகிறார். மோட்ச வாசல்வரை வந்த ஒருவனை அங்கிருந்தே நரகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் கதையை முடிக்கிறார்.

கிருஷ்ண பிள்ளையிடம் இந்த பயம் இல்லை. அவரிடம் இருப்பது பக்தி, நன்றி, சரணாகதி. பனியனில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் காவியத்துக்குள் விரித்துப் பாடியது அவர் செய்த பெரிய காரியம். அங்கே அவர் கவி. ஆனால் அந்த உருக்கம் வைணவத்திலிருந்து வந்த உருக்கம். வைணவத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு சர்ச்சை உண்டு. தாயை இறுகப் பற்றும் குரங்குக் குட்டியா, தாயே கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று வடகலையும் தென்கலையும் வாதிட்டன. கவனிக்க வேண்டும்: அந்தச் சர்ச்சை யார் பிடிப்பது என்பதைப் பற்றியது. பூனை ஒரு குட்டியைக் கவ்வாமல் விட்டுவிடும் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தக் குட்டியை ஏன் ஈன்றது என்ற கேள்வி அதில் மையமல்ல. கிறிஸ்தவத்தில் அதுதான் மையம். கிருஷ்ண பிள்ளையைக் கிறிஸ்தவக் கம்பர் என்று புகழ்கிறார்கள். புகழ்ச்சியில் அவருடைய எல்லையும் இருக்கிறது. கம்பனின் நடையை அவர் வாங்கிக்கொண்டார். கம்பன் கைகேயியை மன்னித்த கருவியைத் தன்னால் பயன்படுத்த முடியாது என்ற நெருக்கடியைக் கவிதையாக்கவில்லை.

வீரமாமுனிவர் வேறு பாசறை. இயேசு சபைக்காரர். அந்தச் சபையின் மோலினா 1588இல் ஒரு தீர்வு சொன்னார்: எந்தச் சூழலில் வைத்தால் எந்த மனிதன் தன் இஷ்டப்படி எதைச் செய்வான் என்பதைக் கடவுள் அறிவார்; அறிந்தே சூழலைத் தேர்ந்து உலகைப் படைக்கிறார். டொமினிக் சபையார் எதிர்த்தார்கள். வருஷக்கணக்கில் ரோமில் நடந்த விவாதத்தை 1607இல் போப் ஐந்தாம் பவுல், தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் தூஷிக்க வேண்டாம் என்று சொல்லி முடித்துவைத்தார்.

1726இல் முடிந்த தேம்பாவணியின் நாயகன் வளன், அதாவது சூசை. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதன். அவனுக்குக் கனவு வருகிறது, எழுந்து போகிறான். ஏரோது குழந்தையைத் தேடுவான் என்ற முன்னறிவு அவன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. பெத்லகேமின் மற்றத் தகப்பன்மாருக்கு அந்தக் கனவு வரவில்லை. எகிப்துப் பயணத்தைக் காவியம் விரிவாகப் பாடுகிறது. படிக்கும் எனக்கோ மனம் ஊரில் தங்கியவர்களிடமே நின்றுவிடுகிறது.

இந்தக் கரையில் நின்றுகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு இது ஏட்டுப் பிரச்னையல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை ஆறரை. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் இங்கே யாருக்கும் யாரும் சொல்லவில்லை. வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களும் மாண்டார்கள். மனிதர்கள் தங்கள் பங்குக்கு 2007இல் ஹைதராபாத்தில் ஓர் எச்சரிக்கை மையம் வைத்தார்கள். அறிந்தவன் சொல்ல வேண்டும் என்பது நமக்கே தெரிந்த அறம். ஏரோதுக்காவது சித்தம் உண்டு, அவன் சுதந்திரத்தைக் கடவுள் மதித்தார் என்று வாதிடலாம். கடலுக்கு என்ன சித்தம்?

1994இல் இறையியலாளர் ஐவர் சேர்ந்து எழுதிய ஒரு நூல், சுதந்திர மனிதர்களின் எதிர்காலம் முழுவதும் இன்னும் தீர்மானமாகவில்லை, ஆகவே அதைக் கடவுளும் தீர்ந்த விஷயமாக அறிந்திருப்பதில்லை என்றது. இரக்கமான பதில். ஆனால் அதற்குள் அடங்காத ஒரு மனிதன் இருக்கிறான்: பேதுரு.

யூதாஸைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். போர்ஹே 1944இல் அவனை மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டார். பேதுரு அதைவிடக் கடினமானவன். அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது: சேவல் கூவுமுன் மூன்று தரம். இல்லை என்றான், உண்மையாகவே. பிறகு குளிருக்கு முற்றத்துத் தீயருகே போனான். ஒரு வேலைக்காரப் பெண் கேட்டாள், மறுதலித்தான். அந்தக் கணத்தில் தீர்க்கதரிசனம் அவன் நினைவில் இல்லை. குளிரும் பயமும் மட்டுமே இருந்தன. அவன் வாயை யாரும் பிடித்துத் திறக்கவில்லை. சேவல் கூவியது, அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அகஸ்டின் முன்னறிவை விளக்க ஞாபகத்தை உவமையாக்கினார். இங்கே உவமை ஸ்தூலமாகிவிடுகிறது. கடவுளின் முன்னறிவு மனிதனை வந்தடைவதே ஞாபகமாகத்தான், செயல் முடிந்த பிறகு. செய்தவன் நான்தான் என்பதும் முன்பே அறியப்பட்டிருந்தேன் என்பதும் ஒரே கூவலில் தெரிகின்றன. அவன் அழுதான். யூதாஸும் வருந்திக் காசைத் திருப்பி எறிந்தான்; பிறகு நான்றுகொண்டான். இருவரும் முன்னறியப்பட்டவர்களே. வித்தியாசம் அறிவில் இல்லை, அதற்குப் பிறகான ராத்திரியில் இருக்கிறது. தர்க்கத்தால் அந்த ராத்திரிக்குள் போக முடியாது. கவிதை போகலாம்.

நம் புதுக்கவிதையில் சிலுவைக்கும் முப்பது வெள்ளிக் காசுக்கும் பஞ்சமில்லை. எந்தத் துரோகத்துக்கும் யூதாஸின் முத்தம் தயாராக இருக்கிறது. நம்பாதவர்களும் எடுத்துக் கையாளுகிறார்கள், ஆட்சேபணையில்லை. ஆனால் இவை அச்சு உப்பைப்போல எல்லாம் ஒரே அளவு. முற்றத்துத் தீயருகே நிற்கிறவனை எழுத, கடவுளை நம்ப வேண்டிய அவசியமில்லை. நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளும் திராணி வேண்டும். என்னைப் படைத்தவர் யாராயிருந்தாலும் அவரிடம் அதைக் குறித்து ஒரு வழக்கும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் மிஞ்சுவது தோத்திரம் அல்லது கோஷம். தமிழில் இரண்டும் நிறைய இருக்கின்றன.